கடல்விலாங்கின் படுக்கை: ஒனோமிச்சி இளைஞர்கள் மீட்ட நாற்பது மீட்டர் கடைவீடு

ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில், செட்டோ உள்கடலை ஒட்டி ஒனோமிச்சி என்றொரு சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே கூரை போட்ட நீளமான கடைத்தெரு ஒன்று உண்டு. அந்தத் தெருவில் ஒரு கட்டிடத்தின் வாசலை மட்டும் பார்த்தால் சின்னக் கடை என்றுதான் தோன்றும். உள்ளே போனால் அது போய்க்கொண்டே இருக்கும். முன்வாசலிலிருந்து பின்கோடி வரை சுமார் 40 மீட்டர்.

இப்படி ஒடுங்கி நீண்ட கடைவீடுகளை ஜப்பானியர்கள் 'விலாங்கின் படுக்கை' என்பார்கள். ஒனோமிச்சியில் கடல்விலாங்குக்குத்தான் பெயர். அதனால் இந்தக் கட்டிடத்தை மீட்டவர்கள் பழமொழியை ஊருக்கு ஏற்றபடி மாற்றி 'அனாகோ நோ நெடோகோ', அதாவது கடல்விலாங்கின் படுக்கை, என்று பெயர் வைத்தார்கள். 2012 டிசம்பரில் அது குறைந்த செலவில் தங்கும் விடுதியாகத் திறந்தது. தெருவைப் பார்த்த முன்பகுதியில் ஒரு காபிக்கடை. அதன் பெயர் 'அகுபி', கொட்டாவி என்று அர்த்தம்.

வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கட்டிடத் தொழில் தெரியாத இளைஞர்கள். மாணவர்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், கலைஞர்கள், அவர்களோடு சில தச்சர்களும் பூச்சு வேலைக்காரர்களும். பழைய கட்டிடத்தைத் தொழில் தெரியாத கைகளில் கொடுத்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. இங்கே அது ஏன் சரியாக நடந்தது? என் பதில் இது: அந்தக் கைகளுக்கு ஏற்ற அளவில் வேலையை யாரோ பொறுமையாக வெட்டிக் கொடுத்தார்கள். ஆர்வம் நிறைய இடங்களில் இருக்கிறது. இப்படி வெட்டிக் கொடுப்பவர்கள்தான் அபூர்வம்.

வீடுகள் ஏன் காலியாகக் கிடந்தன

ஒனோமிச்சி கடலுக்கும் மலைக்கும் இடையில் நசுங்கிய ஊர். 1169-இல் அரிசி ஏற்றி அனுப்பும் துறைமுகமாக அங்கீகாரம் பெற்றதிலிருந்து வணிகர்களின் ஊராகவே வளர்ந்தது. மலைச்சரிவு வெகுகாலம் கோயில்களுடையதாக இருந்தது. 1891-இல் ரயில் பாதை வந்து கரையோரத்து நிலத்தை எடுத்துக்கொண்டபோது மக்கள் சரிவில் ஏறிக் குடியேறத் தொடங்கினார்கள். வசதியான வணிகர்கள் கடல் தெரிகிற மாதிரி மேலே உல்லாச வீடுகள் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஊர் குண்டுவீச்சிலிருந்து தப்பியது. அதனால் வெவ்வேறு காலத்துக் கட்டிடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்படியே நின்றன.

கார் வந்த பிறகு கதை மாறியது. சரிவில் இருப்பவை படிக்கட்டுச் சந்துகள்தான். வண்டி வீட்டு வாசலுக்கு வராது. பிள்ளைகள் வேறு ஊருக்குப் போனார்கள், பெரியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள், அவர்களும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். ரயில் நிலையத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் மட்டும் சுமார் 500 வீடுகள் காலி என்று கணக்கிட்டார்கள்.

அவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1950-இல் வந்த கட்டிடத் தரச் சட்டப்படி, வீடு கட்டும் மனை பொதுவாக 4 மீட்டர் அகலமுள்ள சாலையைக் குறைந்தது 2 மீட்டராவது தொட்டிருக்க வேண்டும். படிக்கட்டுச் சந்தில் இருக்கும் மனைக்கு அது வாய்க்காது. இடித்தால் இடித்ததுதான், மறுபடி கட்ட அனுமதி கிடைக்காது. போதாததற்கு வரி. வீடு நிற்கும் மனையில் 200 சதுர மீட்டர் வரைக்கும் சொத்து வரிக்கான மதிப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. வீட்டை இடித்தால் அந்தச் சலுகை போய்விடும். எனவே சொந்தக்காரர் இடிக்கவும் மாட்டார், பழுதும் பார்க்க மாட்டார். கதவைப் பூட்டிவிட்டுப் போவார். 2023 கணக்கெடுப்பில் ஜப்பான் முழுக்கச் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி, அதாவது மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். இதற்கு மக்கள்தொகை குறைவதை மட்டும் காரணம் சொல்வது போதாது. பூட்டிப் போடுவதைச் சட்டமும் வரியும் சேர்ந்து லாபகரமாக்கி வைத்திருந்தன.

கடைத்தெருவின் துயரம் வேறு வகை. சமதரை என்பதால் அங்கே வண்டி வரும், இடித்துக் கட்டவும் முடியும். ஆனால் வியாபாரம் ஊருக்கு வெளியே பெரிய கடைகளுக்குப் போனபோது ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைவீட்டில் முன்பக்கம் கடை, பின்னால் குடும்பம். கடையை மூடிய பிறகும் பின்னால் ஆள் இருந்தால் கட்டிடம் பிழைத்துக்கொள்ளும். அந்த ஆளும் போனபின் கூரையில் ஒரு ஓடு நகர்ந்தால் போதும், பத்து வருஷத்தில் தூண் உளுத்துவிடும்.

முதல் கடை: ஒரு துணிக்கடை

2007-இல் டொயோட்டா மசாகோ என்ற ஒனோமிச்சிப் பெண் சரிவில் இருந்த ஒரு விசித்திர வீட்டை வாங்கினார். 1933-இல் கட்டப்பட்டது. ஒரே தச்சர் மூன்று வருஷம் உழைத்துக் கட்டியதாகச் சொல்கிறார்கள். கூரைமேல் கூரையாக அடுக்கிய அதன் வடிவத்தால், விசித்திரக் கட்டிடங்களுக்குப் பேர்போன ஸ்பெயின் கட்டிடக் கலைஞர் கௌடியின் பெயரில் 'கௌடி வீடு' என்று பெயர் வந்தது. பழுதுபார்க்கும் அனுபவத்தை அவர் இணையத்தில் எழுத எழுத, எனக்கும் இப்படி ஒரு வீடு வேண்டும் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள். வீடுகளுக்கு ஆள் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆள் இருக்கிறார்கள், வீட்டையும் ஆளையும் சேர்த்துவைக்கத்தான் யாரும் இல்லை என்பது அப்போது தெரிந்தது. 2008-இல் 'ஒனோமிச்சி காலி வீடு மீட்புத் திட்டம்' லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானது. 2009-இல் நகராட்சி தன் காலி வீட்டுப் பதிவேட்டை நடத்தும் பொறுப்பையே இந்த அமைப்பிடம் கொடுத்தது.

அமைப்பு ஆரம்பத்தில் எடுத்துச் செய்தவற்றில் ஒன்று ரயில் நிலையத்துக்குப் பின்னால் சந்தில் பாழடைந்து கிடந்த கிடமுரா துணிக்கடை. பெரிய வணிக மாளிகை எதுவும் இல்லை, மேல்நாட்டு உடை விற்ற சாதாரணக் கடை. இப்படி ஒரு கடையைத் தேர்ந்தது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. கோயிலையும் கோட்டையையும் காக்க அரசாங்கம் இருக்கிறது. தெருவில் எல்லோரும் சட்டை வாங்கிய கடையைக் காக்க யாரும் இல்லை, ஊரின் நினைவோ அதில்தான் இருக்கிறது. வேலை நடந்த நாட்களே பயிற்சி நாட்களாகவும் இருந்தன. தொழில் தெரிந்தவர் சொல்லிக் கொடுக்க, கூடியிருந்தவர்கள் செய்தார்கள். கடை மறுபடி துணி விற்கவில்லை. அமைப்பின் அலுவலகமாகவும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் உட்கார்ந்து பேசும் இடமாகவும் ஆனது. பழைய பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

கடல்விலாங்கின் படுக்கைக்கான ஒத்திகை இங்கேதான் நடந்தது.

முதல் வேலை: காலி செய்வது

பழைய கட்டிட மீட்பு என்றதும் உளியும் கரணையும்தான் மனதில் வரும். உண்மையில் முதல் வேலை மூட்டை தூக்குவது. காலி வீடு என்று பெயர்தான், எந்த வீடும் காலியாக இருப்பதில்லை. போனவர்களின் பாய், பாத்திரம், அலமாரி, கணக்குப் புத்தகம், புகைப்படம், பயன்படாத மின்சாமான் எல்லாம் உள்ளேயே இருக்கும். சொந்தக்காரர்கள் வீட்டைக் கொடுக்கத் தயங்குவதற்குப் பல சமயம் இதுதான் காரணம். பொருட்களைப் பிரிக்க மனம் வராது, தூக்கிப் போட ஆள் வைத்தால் செலவு தாங்காது.

இளம் தொண்டர்கள் உடனே உதவக்கூடிய இடம் இதுதான். வரிசையாக நின்று கைமாற்றினால் இருபது பேர் ஒரு நாளில் செய்வதை இரண்டு கூலியாட்கள் ஒரு வாரத்திலும் முடிக்க முடியாது. ஆனால் தூக்குவதற்கு முன்னால் பிரிக்க வேண்டும். குடும்பத்துக்குப் போக வேண்டியது, ஊர் வரலாற்றுக்கு வேண்டியது, மறுபடி பயன்படுவது, குப்பை. அமைப்பு பயன்படும் பொருட்களை அந்த வீட்டிலேயே பரப்பிச் சந்தை போட்டது. அக்கம்பக்கத்தார் வந்து வாங்கிப் போனார்கள். குப்பை குறைந்தது, கொஞ்சம் பணமும் வந்தது. இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் தெருக்காரர்கள் பல வருஷத்துக்குப் பிறகு காலெடுத்து வைத்தார்கள். பிற்பாடு சுத்தியல் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளப்போவது அவர்கள்தானே.

கதவு, ஜன்னல், கண்ணாடி, நல்ல மரம் ஆகியவை மட்டும் போகவில்லை. இடிக்கப்படும் வேறு வீடுகளிலிருந்து வந்தவற்றோடு சேர்த்து அவை இருப்பு வைக்கப்பட்டன. கடல்விலாங்கின் படுக்கைக்குள் கண்ணில் படும் பல பொருட்கள் ஊரின் வேறு மூலையிலிருந்து வந்து சேர்ந்தவை. இதில் ஒரு விவாதத்துக்கு இடம் உண்டு. ஒரு கட்டிடத்தின் கதவை இன்னொன்றில் மாட்டினால் இரண்டின் வரலாறும் குழம்பும் என்று கறாரான பாதுகாவலர் சொல்வார். அருங்காட்சியகக் கட்டிடத்தில் அவர் பக்கம்தான் நானும். புழங்கும் கடைவீட்டில், அதே ஊரின் அதே காலத்துக் கதவு, எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு மாட்டப்பட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாற்று வழி குப்பைமேடுதான்.

யார் எதைத் தொடலாம்

இப்படிப்பட்ட நீளக் கடைவீட்டில் நோய் எங்கே ஒளிந்திருக்கும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரியும். இரண்டு பக்கமும் அண்டை வீடு, வெளிச்சமும் காற்றும் முன்னும் பின்னும் நடுவிலிருக்கும் சின்ன முற்றத்திலும்தான். எனவே ஈரம் நடுவில் தேங்கும். முன்கூரையும் பின்கூரையும் சேரும் பள்ளத்தில் தண்ணீர் இறங்கும். தரையை ஒட்டிய கிடைமரத்தையும் தூண்களின் அடியையும் கரையான் தின்றிருக்கும். பின்னாளில் ஒட்டிய பலகையும் பொய்க்கூரையும் இதையெல்லாம் மூடியிருக்கும். அவற்றைக் கழற்றும் வேலையைத் தொண்டர்களிடம் கொடுக்கலாம். ஆனால் எதைக் கழற்றுவது என்று சொல்ல ஒரு தச்சர் பக்கத்தில் நிற்க வேண்டும். சும்மா நிற்பது போலத் தெரியும் ஒரு கட்டை, மேலே தூலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

உளுத்த தூணுக்கு ஜப்பானியத் தச்சர்களிடம் 'நெட்ஸுகி' என்ற வைத்தியம் உண்டு, வேர் ஒட்டு என்று சொல்லலாம். ஜாக்கி வைத்துத் தூலத்தை ஒரு மயிரிழை உயர்த்தி, தூணின் கெட்ட அடிப்பகுதியை மட்டும் வெட்டி, புது மரத்தைப் பூட்டுப்போல் கோத்துச் செருகுவார்கள். மேலே இருக்கும் பழைய மரம் அப்படியே நிற்கும். இதைத் தொண்டர் பார்க்கலாம், பிடிக்கலாம், செய்யக்கூடாது. கூரை, தூண், தூலம் தொழிலாளிகளுக்கு. மின்இணைப்பு வேலைக்கு ஜப்பானில் உரிமம் வேண்டும், அதிலும் பேச்சில்லை. தரை தோண்டுவது, ஓடு கைமாற்றுவது, மரம் துடைப்பது, மண் மிதிப்பது, சுவர் பூசுவது தொண்டர்களுக்கு. இந்த எல்லைக்கோட்டை முதல் நாளே போட்டுவிட வேண்டும். நடுவில் போட்டால் மனஸ்தாபம்தான் வரும்.

மண்சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தெரியாத கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. தூண்களுக்கு நடுவே மூங்கில் பிளாச்சுகளை வைக்கோல் கயிற்றால் வலைபோலக் கட்டுவார்கள். களிமண்ணில் நறுக்கிய வைக்கோலைப் போட்டு மிதித்து, புளிக்க விடுவார்கள். வைக்கோல் மக்கி மண்ணில் பசைபோல் இறங்கும், நார் மிஞ்சும். அதை மூங்கில் வலையில் அப்பிக் காயவிட்டு, மணல் கலந்த இரண்டாம் பூச்சு. மேலே சுண்ணாம்புப் பூச்சு: காய்ச்சிய கடற்பாசிப் பசை, சணல் போன்ற நார், நீற்றிய சுண்ணாம்பு. பாசிப் பசை தண்ணீரைப் பிடித்து வைப்பதால் பூச்சு சட்டென்று உலராது. நார் வெடிப்பைத் தடுக்கும். பிறகு சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாகும்.

இந்தச் சுவரில் இரண்டு நல்ல குணங்கள். விழுந்த பழைய மண்ணை வீசவே வேண்டாம். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, புது வைக்கோல் சேர்த்து மிதித்தால் மறுபடி சுவராகும், பழைய மண் இன்னும் நல்லது என்று பூச்சுக்காரர்கள் விரும்பி எடுப்பார்கள். இரண்டாவது, தப்பைப் பொறுத்துக்கொள்ளும். அடிப்பூச்சு கோணலானால் சுரண்டிவிட்டு மறுபடி அப்பலாம். தச்சு வேலையில் தவறாக வெட்டிய மரம் போனதுதான். அதனால் அடிப்பூச்சைக் கற்றுக்குட்டிகளிடம் விட்டுவிட்டு, கண்ணில் படும் கடைசிப் பூச்சில் மட்டும் தேர்ந்த கை இறங்கினால் போதும்.

சிமென்ட் பூசினால் ஒரே நாளில் முடிந்திருக்கும் என்று சொல்லாத இடமே இல்லை. மரச்சட்டக் கட்டிடம் அசையும், சிமென்ட் அசையாது. இடையில் விரிசல் விழும், அதில் ஈரம் இறங்கும், வெளியே வர வழியில்லாமல் மரத்துக்குள் தங்கும். மண்சுவர் ஈரத்தை வாங்கும், விடும். நில அதிர்ச்சியில் முதலில் தானே வெடித்து அதிர்வை ஓரளவு உண்டுவிடும், பிறகு மண்ணை அப்பிச் சரிசெய்யலாம்.

'ஒனோமிச்சி கட்டிடப் பள்ளி' என்ற பெயரில் அமைப்பு இதைத் தொடர்ந்து கற்றுக்கொடுத்தது. ஊரின் பழைய கட்டிடங்களை நடந்து பார்த்துப் புரிந்துகொள்வது ஒரு பகுதி, வேலை நடக்கும் இடத்திலேயே தொழிலாளிகளிடம் கற்பது இன்னொரு பகுதி. கோடையில் பல ஊர்களிலிருந்து வந்து தங்கி வேலை செய்யும் முகாமும் உண்டு. பழைய கட்டிடத்துக்குத் தொழிலாளிகள் கிடைக்காமல் போவது வீடுகள் காலியாவதற்குச் சமமான ஆபத்து. ஒரு பூச்சுக்காரர் பத்து இளைஞர்களுக்குக் கரணை பிடிக்கக் காட்டிக்கொடுத்தால் பத்துப் பேரும் பூச்சுக்காரராகிவிட மாட்டார்கள். ஆனால் அந்த வேலையின் மதிப்பு தெரிந்த பத்துப் பேர் ஊரில் இருப்பார்கள்.

திறந்த பிறகு

சின்ன வீடுகளில் ஆரம்பித்த அமைப்பு, இவ்வளவு பெரிய கடைவீட்டை எடுத்ததற்குக் காரணம் வேலைவாய்ப்பு. ஒனோமிச்சி பிடித்துப்போய்க் குடியேறிய இளைஞர்களுக்கு வீடு கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. விடுதியும் காபிக்கடையும் வந்தால் சிலருக்காவது ஊரிலேயே பிழைப்பு. பல மீட்பு முயற்சிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். திறப்பு விழாப் புகைப்படத்தோடு ஆர்வம் வடிந்துவிடும். ஓடு மாற்றவும் கரையானுக்கு மருந்தடிக்கவும் வருஷா வருஷம் பணம் வேண்டும், தினமும் கதவைத் திறந்து காற்று விட ஆள் வேண்டும். கடையாகக் கட்டியதைக் கடையாகவே நடத்தினால் இரண்டும் கிடைக்கும். தெருவுக்கு இன்னொன்றும் கிடைத்தது: இரவில் எரியும் ஒரு விளக்கு.

இந்த முறையில் பலவீனங்களும் உண்டு. விடுதி வருமானம் பயணிகளை நம்பியது. 2020 வசந்தத்திலிருந்து 2022 அக்டோபர் வரை ஜப்பான் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளைப் பெரும்பாலும் அனுமதிக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தைத் தாங்க வேறு வருமானமும் வேண்டும். அடுத்தது நிலநடுக்கம். 1981 ஜூனில் வந்த புதிய நிலநடுக்கத் தரத்துக்கு முன்னால் கட்டிய மரக்கட்டிடங்களில் ஆட்களைத் தங்கவைக்கும்போது, மண்சுவரின் அழகை மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. எங்கே தாங்குசுவர் சேர்ப்பது, எந்த இணைப்பை இரும்பால் இறுக்குவது என்று பொறியாளர் கணக்குப் போட்டாக வேண்டும். அழகு குறைந்தாலும் சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்புறம், எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது. கூரை விழுந்து பல மழை கண்ட வீட்டை மூடிமறைக்காமல் கைவிடச் சொல்வதும், அதன் மரத்தையும் மண்ணையும் ஓடுகளையும் எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

அமைப்பின் வழியாக இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட காலி வீடுகளுக்குக் குடியிருக்க ஆள் கிடைத்திருக்கிறது. குடியேறுபவர் தன் வீட்டைத் தானே சரிசெய்யும்போது கருவிகளை இரவல் கொடுக்கிறார்கள், குப்பை இறக்க ஆள் சேர்த்துத் தருகிறார்கள். நேற்று உதவி வாங்கியவர் இன்று அடுத்தவர் வீட்டு வரிசையில் மூட்டை கைமாற்றுகிறார்.

கடைத்தெருவில் முடித்த கையோடு அவர்கள் மேலே ஏறினார்கள். சென்கோஜி கோயிலுக்குச் சற்றுக் கீழே, 1921-இல் கட்டிய 'மிஹராஷி-டெய்' என்ற உல்லாச வீடு. 2013-இல் அது தேசியப் பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்தாயிற்று. அங்கே வண்டி போகாது. ஓடு, மரம், மண், சுண்ணாம்பு எல்லாம் கல்படிகளில் தோளில் ஏற வேண்டும், கழிவு அதே வழியில் இறங்க வேண்டும். 2016 ஏப்ரலில் அதுவும் விடுதியாகத் திறந்தது.